இண்டி: சுயாதீனமா, தற்சார்பா?

‘2006-இல் ஜானி மார் மாடஸ்ட் மவுஸ் என்ற இண்டி ராக் குழுவில் சேர்ந்தார்.’ ஜானி மார் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர், மாடஸ்ட் மவுஸ் அமெரிக்கக் குழு. இந்த வாக்கியத்தை நல்ல தமிழில் எழுத உட்கார்ந்தால் பாதிவரை சுலபமாக வந்துவிடும். ‘இண்டி’யில் வண்டி நின்றுவிடும். ‘சுயாதீன ராக் குழு’ என்று போடலாம், இப்போது ஊடகங்களில் அதுதான் வழக்கு. ஆனால் மாடஸ்ட் மவுஸ் அப்போது ஆல்பம் வெளியிட்டுக்கொண்டிருந்தது எபிக் நிறுவனத்தின் வழியாக. எபிக் சோனி குடும்பத்தைச் சேர்ந்தது. மார் வாசித்த ஆல்பம் 2007 மார்ச்சில் வந்தது, வந்த வாரமே அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம். உலகின் மிகப் பெரிய இசை நிறுவனங்களில் ஒன்றின் கீழ் இருந்துகொண்டு முதலிடம் பிடித்த குழுவுக்குச் சுயாதீனம் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் இந்தக் குடைச்சல் இல்லை. அங்கே ‘இண்டி’ என்பது தன் பழைய அர்த்தத்தை எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டது. தமிழில் எழுதும்போதுதான் பொருளைத் தேடி எடுத்து மறுபடி மாட்டிவிடுகிறோம், அது பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது.

முதலில் வேர். இண்டி என்பது இண்டிபெண்டென்ட் என்ற சொல்லின் செல்லச் சுருக்கம். இந்தியா என்ற பெயரோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எழுத்து ஒன்றுபோல இருப்பதால் ‘இந்திய ராக்’ என்று நினைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். மூலம் லத்தீன். ‘பெண்டெரே’ என்றால் தொங்குதல். கடிகாரத்துப் பெண்டுலமும் கழுத்துச் சங்கிலியில் ஆடும் பென்டன்ட்டும் இதே வேரில் வந்தவைதான். அதன் முன்னால் ‘கீழே’ என்று பொருள்தரும் ‘டி’ சேர்ந்தால் ஒன்றைப் பிடித்துத் தொங்குவது, அதாவது அண்டியிருப்பது. அதற்கும் முன்னால் இல்லை என்னும் ‘இன்’ சேர்ந்தால் எதிலும் தொங்காதது.

சுருக்கம் பிறந்தது இசையில் அல்ல. 1920களின் கடைசியில் அமெரிக்கத் திரைத்தொழிலில், பெரிய ஸ்டுடியோக்களைச் சாராமல் படம் எடுத்தவர்களை இப்படி அழைத்தார்கள். 1940களில் சிறிய இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அப்போதெல்லாம் அது வெறும் வியாபாரச் சொல். பணம் யாருடையது, கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் யார் என்பதோடு அதன் வேலை முடிந்தது. பாட்டு எப்படி இருக்கும் என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

வாய் திறக்க வைத்தது பிரிட்டன். 1977 ஜனவரியில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் என்ற குழு 500 பவுண்டு கடன் வாங்கி, தானே ஒரு நிறுவனப் பெயரை வைத்துக்கொண்டு, நான்கு பாட்டுள்ள ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. முதலில் அச்சிட்டது 1,000 பிரதி. கடைசியில் விற்றது ஏறக்குறைய 16,000. தட்டின் உறையில் ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, மேலே எதையாவது சேர்த்துப் பதிந்தார்களா என்றுகூட அச்சிட்டிருந்தார்கள். சமையற்கட்டைத் திறந்து காட்டுவதுபோல. இதைப் பார்த்த பிற இளைஞர்களுக்கு ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றியது. அப்புறம் ஊருக்கு ஊர் சின்னச் சின்ன இசைத்தட்டு நிறுவனங்கள் முளைத்தன. லண்டனில் 1976-இல் கடையாகத் தொடங்கிய ரஃப் டிரேட், 1978-இல் தானே இசைத்தட்டு வெளியிடவும் இறங்கியது. 1980 ஜனவரியில் இந்தத் தட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியலே வந்துவிட்டது.

அந்தப் பட்டியலின் விதியைக் கவனியுங்கள். பெரிய நிறுவனங்களின் கையில் இல்லாத விநியோகத்தின் வழியாகக் கடைக்கு வரும் தட்டு எதுவும் அதில் இடம்பெறலாம். பாட்டு எந்த வகை என்று யாரும் கேட்கவில்லை. விளைவு, 1988-இல் பாப் பாடகி கைலி மினோக்கின் பளபளப்பான நடனப் பாட்டு இண்டிப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அவருடைய நிறுவனத்தின் விநியோகம் அப்படி இருந்தது, அவ்வளவுதான். விதிப்படி அவர் இண்டி. ஆனால் ஊரில் ஒருவரும் அவரை இண்டி என்று சொல்லவில்லை. சொல் இரண்டாகப் பிளந்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை? அதற்குள் ‘இண்டி’ ஒரு ஓசையின் பெயராகிவிட்டிருந்தது. 1986-இல் பிரிட்டனின் என்எம்இ என்ற இசை வார இதழ் 22 குழுக்களின் பாட்டைத் தொகுத்து ஒரு கேசட் வெளியிட்டது. கலகலக்கும் கிட்டார், கொஞ்சம் கூச்சமான குரல், மெருகேற்றாத பதிவு என்றால் இண்டி என்று ஆனதில் அந்தக் கேசட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கும் முன்னால் அந்தக் கிட்டார் ஓசையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது தி ஸ்மித்ஸ். 1982-இல் மான்செஸ்டரில் தொடங்கி 1987-இல் முடிந்துபோன குழு, நான்கே ஸ்டுடியோ ஆல்பம். கிட்டார் வாசித்தவர் ஜானி மார். வெளியிட்டது ரஃப் டிரேட். ஆக, சொல்லின் இரண்டு பொருளுக்கும் ஒரே நேரத்தில் பொருந்திய குழு அது. பணமும் இண்டி, ஓசையும் இண்டி.

அந்த மார்தான் பின்னால் மாடஸ்ட் மவுஸிலும், 2008 முதல் 2011 வரை தி கிரிப்ஸ் குழுவிலும் சேர்ந்தார். சேர்ந்தார் என்றால் கூலிக்கு வாசித்துவிட்டுப் போனார் என்று அர்த்தமில்லை. முழு உறுப்பினர். நம் கச்சேரி மொழியில் ‘பக்கவாத்தியம்’ என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. ஆனால் இங்கே அதைப் போட்டால் தப்பு. ராக் குழுவில் பக்கம் என்று ஒன்று கிடையாது, எல்லாரும் ஒரே வரிசை.

இந்த மாதிரி ஒருவர் சேர்ந்த பிறகு குழுவை மேடையில் பார்ப்பது தனி அனுபவம். கிரிப்ஸை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் வேக்ஃபீல்டைச் சேர்ந்த மூன்று சகோதரர்கள். ஒருவர் கிட்டார், ஒருவர் பேஸ் கிட்டார், ஒருவர் டிரம்ஸ். கிட்டார்க்காரரும் பேஸ்காரரும் பாடவும் செய்வார்கள். மூவர் குழுவில் எப்போதும் ஒரு பள்ளம் இருக்கும். கிட்டார் தனியாக ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு மேலே ஏறினால், அடியில் ஸ்வரக்கூட்டை, அதாவது பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் ‘கார்டை’, தாங்க ஆளில்லை. பேஸும் டிரம்ஸும் மட்டும் எலும்புபோலத் தெரியும். பிடித்தவர்களுக்கு அந்த எலும்புதான் அழகு. அங்கே நான்காவதாக மார் வந்து நின்றால் பள்ளம் நிரம்பும். அவர் ஸ்வரக்கூட்டை ஒரே அடியாக அடித்துவிட்டுப் போகும் ஆள் இல்லை. தந்தி தந்தியாகப் பிரித்து, பாடகரின் வரிக்கு நடுவே ஓடவிடுவார். அதுவரை கரகரவென்று தனியாகக் கேட்ட கிட்டாருக்கு அடியில் இன்னொரு மெட்டு நடமாடுவது தெரியும். பழைய ரசிகர்களில் ஒரு பகுதிக்கு இது பிடிக்காது, அதுவும் நியாயம்தான்.

பார்வையாளர்களும் மாறிப்போவார்கள். முன்வரிசையில் ஒரு கூட்டம் பாடகரை விட்டுவிட்டு மேடையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கண் முழுக்க மாரின் இடது கையில். வந்தவரின் பழைய குழுப் பாட்டை வாசிப்பாரா என்று ஒரு நப்பாசை வேறு. வழக்கமாக வாசிக்க மாட்டார்கள். வாசித்தால் அவர் விருந்தாளி ஆகிவிடுவார், குழு பக்கவாத்தியம் ஆகிவிடும்.

குழு வந்தவரை மாற்றுவதும் உண்டு. ஸ்மித்ஸ் காலத்தில் மார் கையில் பெரும்பாலும் ரிக்கன்பேக்கர், கிப்சன் வகைக் கிட்டார்களைப் பார்க்கலாம். மாடஸ்ட் மவுஸில் பாடகர் ஐசக் பிராக்கின் ஃபெண்டர் ஜாகுவார் கிட்டாரை எடுத்து வாசித்துப் பார்த்தவர் அதிலேயே ஒட்டிக்கொண்டார். ஜாகுவார் 1962-இல் வந்த வகை. தந்தியின் நீளம் 24 அங்குலம், அதே நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டரைவிட ஒன்றரை அங்குலம் குறைவு. அதனால் தந்தி சற்றுத் தளர்ந்து நிற்கும், அடித்தால் ஒலி சுருக்கென்று தெறித்துச் சட்டென்று அடங்கும். 2012-இல் ஃபெண்டர் அவர் பெயரிலேயே ஒரு ஜாகுவாரை வெளியிட்டது. பழைய கருவியில் விரல் நுனியால் தள்ள வேண்டிய மூன்று குட்டி சுவிட்சுகளை எடுத்துவிட்டு, ஒரே நெம்புகோலில் நான்கு நிலை வைத்தார்கள். மேடையில் பாட்டுக்கு நடுவே சுவிட்ச் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பது வாசிப்பவருக்குத்தானே தெரியும்.

மேடை என்றதும் இன்னொரு சொல் சிக்கல். ‘மேடையில் நேரில்’ என்று எழுத வேண்டிய இடத்தில் பலரும் ‘நேரலையில்’ என்று எழுதுகிறார்கள். லைவ் என்றால் நேரலை என்று மனப்பாடம். நேரலையில் ‘அலை’ இருக்கிறது. வானொலி, தொலைக்காட்சி, இணையம் என்று ஏதோ ஒன்றின் வழியாக அந்த நேரத்திலேயே நம்மிடம் வருவதுதான் நேரலை. அரங்கத்துக்குள் நின்று கேட்பவருக்கு அலைபரப்பு தேவையில்லை, ‘நேரில்’ போதும். நிகழ்ச்சிக்கு ‘கச்சேரி’ என்று தாராளமாகச் சொல்லலாம். அது கர்நாடக இசைக்கே உரியது என்று கூசுபவர்கள், கலெக்டர் கச்சேரி என்ற பழைய வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து அரசு அலுவலகம், நீதிமன்றம் என்ற பொருளில் வந்த சொல் பாட்டுக்கு மாறியிருக்கிறது. கிட்டாருக்கு மாறுவதில் என்ன கஷ்டம்?

சரி, இண்டிக்கு வருவோம். தமிழில் இதற்கு உரிமை கோரி நிற்கும் சொற்கள் பல. ‘சுயேச்சை’ அகராதிப்படி பொருந்தும். ஸ்வ, இச்சை, தன் விருப்பப்படி. ஆனால் சுயேச்சை என்றதும் எல்லார் நினைவுக்கும் வருவது தேர்தல்தான். ‘சுயேச்சைக் குழு’ என்றால் சின்னம் என்ன என்று கேட்பார்கள். ‘தனியிசை’ என்றால் ஒருவரே வாசிப்பது என்று ஆகிவிடும். ‘விடுதலை இசை’ போராட்டப் பாட்டு. ‘சார்பற்ற இசை’யில் நடுநிலைமை வாடை.

‘சுயாதீனம்’ நிலைத்துவிட்ட சொல், குறைசொல்ல முடியாது. ஸ்வ, அதீனம்: தனக்குத் தானே உட்பட்டது. லத்தீன் ‘தொங்காதது’ என்று எதிர்மறையில் சொன்னதை இது நேராகச் சொல்கிறது. ஆனால் தமிழ் வழக்கில் ‘சுயாதீன இசை’ என்றால் சினிமாவைச் சாராத பாட்டு என்றே பெரும்பாலும் பொருள். பெரிய நிறுவனம் பணம்போட்டு வெளியிட்டாலும், படத்தில் இல்லை என்றால் அது சுயாதீனம்தான். ஆங்கிலத்தில் நிறுவனத்தை வைத்துத் தீர்மானமாவது இங்கே சினிமாவை வைத்துத் தீர்மானமாகிறது. அந்தப் பொருளோடு அது நன்றாகவே இருக்கட்டும். பிரிட்டிஷ் குழுவுக்கு அதை மாட்டினால்தான் குழப்பம்.

எனக்குப் பிடித்தது ‘தற்சார்பு’. தன், சார்பு, பொன்னும் குடமும் பொற்குடம் ஆவதுபோலத் தற்சார்பு. சார்பு என்ற சொல்லைத் தமிழ் எவ்வளவு துல்லியமாகக் கையாண்டிருக்கிறது என்பதற்கு இலக்கணமே சாட்சி. தானாக ஒலிப்பது முதலெழுத்து, இன்னோர் எழுத்தைப் பற்றிக்கொண்டு வருவது சார்பெழுத்து. ‘பாட்டு’ என்று சொல்லிப் பாருங்கள், கடைசி உகரம் முன்னால் நிற்கும் டகர மெய்யில் சாய்ந்து பாதியாகத்தான் ஒலிக்கும். லத்தீன்காரர்கள் ‘தொங்குவது’ என்று சொன்ன அதே உறவை நாம் ‘சாய்வது’ என்று பார்த்திருக்கிறோம். பஸ்காக்ஸ் செய்தது முதலெழுத்து வேலை, முதலும் தன்னுடையது. கடன் வாங்கிய முதல்தான், இருந்தாலும் தலைவலியும் தன்னுடையதே. தற்சார்பு என்றால் பலருக்கு விவசாயமும் வீட்டுத் தோட்டமும் நினைவுக்கு வரும். வரட்டும், தன் பாட்டைத் தானே விளைவித்துத் தானே சந்தைக்குச் சுமந்தவர்களுக்கு அது அவமானமா என்ன?

ஆனால் தற்சார்பு பாதிப் பொருளுக்குத்தான் சரி. ஓசையைக் குறிக்கும் பாதிக்கு எந்தத் தமிழ்ச் சொல்லும் வேண்டாம், ‘இண்டி’யே இருக்கட்டும் என்பது என் கட்சி. ராக், ஜாஸ், கஜல் எதையும் நாம் மொழிபெயர்த்துக்கொண்டு இருக்கவில்லை. எழுத்துக்கூட்டும்போது மட்டும் ‘இன்டி’ வேண்டாம். டகரத்துக்கு முன்னால் ணகரம்தான் தமிழில் கூடும்: வண்டி, பாண்டி, இண்டி. ‘இண்டு இடுக்கு’ என்று பேசுகிற நாக்குக்கு அது அந்நியமாகவும் படாது.

ஆக, தொடக்கத்தில் நின்ற வண்டி இப்படி நகரும்: ‘தற்சார்பு நிறுவனமான ரஃப் டிரேடில் தி ஸ்மித்ஸ் குழுவோடு நான்கு ஆல்பம் வாசித்த ஜானி மார், 2006-இல் சோனியின் எபிக் வெளியிட்டுவந்த மாடஸ்ட் மவுஸ் என்ற இண்டி ராக் குழுவில் சேர்ந்தார்.’