ஓட்டுக் கேட்டு வரும் லிங்க்கும் ஸ்டீம் கார்டு மேல் இருக்கும் அதீத நம்பிக்கையும்

இந்த வாரமும் ஒரு பள்ளி மாணவன். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் தளத்தில் ஆடும் டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் வருடக்கணக்காகச் சேர்த்த தொப்பிகள், பெட்டி திறக்கும் சாவிகள், ஆசையாக வைத்திருந்த ஒரே ஒரு அரிய 'அன்யூஷுவல்' வகைத் தொப்பி என எல்லாமே ஓர் இரவில் யாரிடமோ போய்விட்டன. கேட்டால், "ஃபிரெண்டு லிங்க் அனுப்பினான், ஓட்டுப் போட்டேன். ஆனா ஸ்டீம் கார்டு போட்டிருந்தேனே!" என்கிறான். ஸ்டீம் கார்டு என்பது லாகின் ஆகும்போது பாஸ்வேர்டோடு கூடுதலாக ஒரு குறியீடும் கேட்கும் பூட்டு. கணக்குப் பாதுகாப்புதான் என் வேலை. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

ஓட்டுக் கேட்டால் ஏன் சந்தேகம் வருவதில்லை என்பதற்கு இந்த ஆட்டம் வளர்ந்த விதமே காரணம். 2007-இல் காசு கொடுத்து வாங்கும் ஆட்டமாக வந்தது. 2010-இல் கடையும் வீரர்களுக்குள் பொருள் மாற்றிக்கொள்ளும் டிரேடும் வந்தன, 2011-இல் இலவசமானது. அதே ஆண்டு வந்த வொர்க்‌ஷாப்பில் வீரர்களே தொப்பி, துப்பாக்கி செய்து போடலாம், மற்றவர்கள் ஓட்டுப் போடலாம். வால்வ் அதில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து ஆட்டத்தில் சேர்க்கும், செய்தவருக்கு விற்பனையில் பங்கும் உண்டு. ஹாலோவீன், டிசம்பர் அப்டேட்களில் வரும் புதுப் பொருள்களில் பெரும்பகுதி இப்படி வந்தவைதான். அதனால் "என் தொப்பிக்கு ஒரு ஓட்டு" என்பது இங்கே இயல்பான பேச்சு. திருடனும் அதையே பேசுகிறான். அதுவும் ஏற்கெனவே பறிபோன உங்கள் நண்பனின் கணக்கிலிருந்தே பேசுகிறான்.

சரி, ஸ்டீம் கார்டுக்கு வருவோம். அந்த ஐந்தெழுத்துக் குறியீடு யாரைத் தடுக்கும்? உங்கள் பாஸ்வேர்டு மட்டும் கையில் இருப்பவனை. ஓட்டு லிங்க் திறக்கும் போலி ஸ்டீம் லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டையும் குறியீட்டையும் நீங்களே அடித்துக் கொடுத்தால் அது யாரைத் தடுக்கும்? நீங்கள் அடிக்க அடிக்க அந்தப் பக்கம் இரண்டையும் நிஜ ஸ்டீமில் போட்டு உள்ளே நுழைந்துவிடுகிறது. குறியீடு 30 நொடிக்கு ஒருமுறை மாறுவதால் ஒரு பயனும் இல்லை. க்யூஆர் காட்டி ஆப்பில் ஸ்கேன் பண்ணச் சொன்னாலும் இதே கதைதான், நீங்கள் அனுமதிப்பது திருடனின் லாகினை. அப்புறம் அவன் அவசரப்படுவதும் இல்லை. நீங்கள் நிஜ நண்பருக்கு டிரேட் அனுப்பும்வரை காத்திருந்து, அதை ரத்து செய்து, அதே பெயரும் படமும் உள்ள இன்னொரு கணக்குக்குத் திருப்பிவிடுவான். கைப்பேசியில் உறுதி செய்வது நீங்கள்தான். பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது, சாவியை ஏன் கொடுக்கிறீர்கள்?

போன பொருளை ஸ்டீம் சப்போர்ட் திருப்பித் தராது. கணக்கைத்தான் மீட்டுத் தருவார்கள். எவ்வளவு கெஞ்சி டிக்கெட் போட்டாலும் இதுதான் பதில். மீட்டுத் தருகிறேன் என்று தனிச் செய்தியில் வருபவன் இரண்டாவது திருடன்.

போலி லாகின் ஜன்னலைக் கண்டுபிடிக்க ஒரு வழி. அதைப் பிடித்து பிரவுசரின் ஓரத்துக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். நிஜ ஜன்னல் வெளியே வரும். பக்கத்துக்குள் வரைந்து வைத்தது விளிம்போடு நின்றுவிடும், முகவரிப் பட்டையும் பூட்டுப் படமும் அதில் இருந்தாலும். ஏற்கெனவே ஸ்டீமில் லாகின் ஆகியிருக்கும் பிரவுசரில் மறுபடி பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஓட்டுப் போட வேண்டுமா? ஸ்டீமைத் திறந்து, வொர்க்‌ஷாப்பில் பெயரைத் தேடிப் போடுங்கள். டிரேடில் பெயரையும் படத்தையும் நம்பாதீர்கள், எதிராளியின் ஸ்டீம் கணக்கு லெவலைப் பாருங்கள்.

ஏற்கெனவே போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டை அடித்துவிட்டீர்களா? முதலில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள், பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். மின்னஞ்சலுக்கும் அதே பாஸ்வேர்டு என்றால் அதையும்தான். வெப் ஏபிஐ கீ (வெளி நிரல்களை உங்கள் கணக்கோடு பேச விடும் சாவி) பக்கத்தில் நீங்கள் பதியாத கீ இருந்தால் நீக்குங்கள். காத்திருக்கும் டிரேட்களை ரத்து செய்யுங்கள்.

பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து சொன்னதும் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து இரண்டு நாள் மறைத்த கணக்குகள்தான் என்னிடம் காலியாக வருகின்றன. அந்த இரண்டு நாளும் திருடன் உள்ளேயே உட்கார்ந்து, பிள்ளையின் பெயரில் மற்ற நண்பர்களுக்கு லிங்க் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.