கோச்சுக்குள் நட்டு ஒட்டினால் தடம் புரளாதா?

திருப்பூரில் இருந்து ஒருவர், பனியன் அனுப்பும் அட்டைப்பெட்டியில் ஏழு மாதிரி ரயில் கோச்சுகளை அடுக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். "கோச்சில்தான் கோளாறுங்க அண்ணா. கிராஸ்ஓவரில் தள்ளினால் மூன்றாவது கோச் கவிழ்ந்துவிடுகிறது" என்றார். ஒரு தடத்திலிருந்து பக்கத்துத் தடத்துக்கு ரயிலை மாற்றும், இரண்டு பாயிண்ட்டுகளால் ஆன இணைப்புதான் கிராஸ்ஓவர்; பாயிண்ட் என்பது தடம் இரண்டாகக் கிளைக்கும் இடம். ஒன்றைக் கையில் எடுத்தேன். கனத்தது. கூரையைக் கழற்றினால், சீட்டுகளின் மேல், எடை கூட்டுவதற்காக ஆறு இரும்பு நட்டுகள் பசை போட்டு ஒட்டியிருந்தன.

இந்த மாதம் நட்டோடு வந்த மூன்றாவது ஆள் இவர். அதனால்தான் எழுதுகிறேன்.

கோச் கவிழ்வது அது லேசாக இருப்பதால் அல்ல. ஐ.சி.எஃப். (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை) கோச்சின் நீளம் சுமார் 21.3 மீட்டர்; 87-ல் ஒரு பங்காகச் சுருக்கும் 1:87 அளவில் அது 245 மில்லிமீட்டர். இடம் போதவில்லை என்று இரண்டு குட்டைப் பாயிண்ட்டுகளை முதுகோடு முதுகு ஒட்டிவைத்தால், கோச் இடப்பக்கம் திரும்பி முடிப்பதற்குள் வலப்பக்கம் திரும்ப வேண்டும். முன் கோச்சின் வால் ஒரு பக்கம் ஒதுங்கும், பின் கோச்சின் தலை எதிர்ப்பக்கம் ஒதுங்கும். நடுவில் மாட்டிக்கொண்ட கப்ளர், அதாவது இரண்டையும் இணைக்கும் கொக்கி, எவ்வளவுதான் வளையும்? இழுக்கும்போது ஒருவாறு சமாளிக்கும். தள்ளும்போது அது பக்கவாட்டில் நெம்பி, சக்கரத்தைத் தண்டவாளத்தின் மேல் ஏற்றிவிடும். எல்லாக் கோச்சுக்கும் நட்டு ஒட்டினால் தள்ளும் விசை கூடும், நெம்புவதும் சேர்ந்து கூடும். காகிதம் போன்ற வேகனுக்கு எடை சேர்ப்பது வேறு கதை. இதற்கு அது மருந்து இல்லை. "எஞ்சின் தனியாகப் போகிறதே" என்பார்கள். எஞ்சினுக்குப் பின்னால் அதைவிட நீளமான கோச் ஏதும் இல்லையே, போகத்தான் செய்யும்.

இன்னொன்று. பாயிண்ட் டப்பாவில் 12 டிகிரி என்று இருந்தால், அது நிஜ ரயில்வேயின் 1-க்கு 12 பாயிண்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1-க்கு 12 என்பது, அதாவது 12 அடிக்கு ஓர் அடி விலகுவது, 5 டிகிரிகூட வராது. 12 டிகிரி என்றால் ஏறத்தாழ 1-க்கு 5. மெயின் லைனில் எக்ஸ்பிரஸ் நெளியாமல் தடம் மாறுவதைப் பார்த்து வந்து, ஒன்றுக்கு ஐந்தில் அதே நளினத்தை எதிர்பார்த்தால் எப்படி?

திருப்பூர்க்காரர் இடம் மிச்சம் பிடிக்கப் பாயிண்ட்டின் வாலையும் ரம்பத்தால் அறுத்திருந்தார். நடுவிலிருந்து நடுவுக்கு 52 மில்லியாக இருக்க வேண்டிய தட இடைவெளி 45 ஆகிவிட்டது. நேர்த்தடத்தில் பாதகமில்லை, கோச்சின் அகலம் 37 மில்லி, இடையில் 8 மில்லி மிஞ்சும். ஆனால் அவருடைய 8-க்கு 4 அடிப் பலகையில் வளைவின் ஆரம் 55 சென்டிமீட்டர். வெளித்தடத்துக் கோச்சின் வயிறு உள்பக்கம் 6, 7 மில்லி நீட்டும்; உள்தடத்துக் கோச்சின் முனை வெளிப்பக்கம் 7 மில்லிக்கு மேல் நீட்டும். எட்டுக்குள் பதினான்கு எங்கே அடங்கும்? 52 வைத்தாலே மயிரிழையில்தான் தப்பும்.

அறுக்காதீர்கள். அறுத்தே தீருவேன் என்றால், வளைவு தொடங்கும் முன் தடங்களை மீண்டும் விலக்கிவிடுங்கள். ஃபிராக்கில் (பாயிண்ட்டில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் முனை) மின்சாரம் ஓடும் பாயிண்ட் என்றால், இரண்டு ஃபிராக்குகளுக்கு நடுவே இரு தண்டவாளத்திலும், மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் ஜாயினர் (தண்டவாளத் துண்டுகளை இணைப்பது) போடுங்கள். இல்லாவிட்டால் ஷார்ட் ஆகும், கண்ட்ரோலரைத் திட்டிப் பயனில்லை. பாயிண்ட்டின் நகரும் நாக்கின் அடியில் பஞ்சு சேராமல் தூரிகையால் தட்டிவிடுங்கள், திருப்பூர் வீடுகளில் வாரம் ஒருமுறை. தண்டவாளத்தை ஆணியடித்து நிறுத்தும் முன், உங்களிடம் உள்ள நீளமான கோச்சுகளை எல்லாம் மாட்டி, கிராஸ்ஓவரில் மெதுவாகப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். தயவுசெய்து, ஆணிக்கு முன்.

அவருடைய குட்டைக் கிராஸ்ஓவரைத் தூக்கிப் போடவில்லை. சரக்கு யார்டுக்கு மாற்றச் சொன்னேன். பாக்ஸ்என் என்னும் திறந்த சரக்கு வேகன் 123 மில்லிதான். அதைத் தள்ளினாலும் போகும், இழுத்தாலும் போகும். மெயின் லைனுக்கு இரண்டு நீளப் பாயிண்ட்டும், அவற்றுக்கு நடுவே ஒரு கோச் நீளத்துக்கு நேர்த்தடமும் எழுதிக்கொடுத்தேன். "பிளாட்பாரம் குறைந்துபோகுமே அண்ணா" என்றார். குறையும். ஏழு கோச்சிலும் நட்டுகளைப் பெயர்த்தெடுக்க ஒரு மதியம் ஆயிற்று. மூன்று கோச்சுகளில் சீட்டும் சேர்ந்து வந்துவிட்டது.