ஃபுல் பிரேம்: எதன் முழு?

பழைய கமராவை விற்றுவிட்டு ஃபுல் பிரேம் வாங்கப்போகிறேன் என்றதும் மச்சான் கேட்டான்: "அப்ப இவ்வளவு நாளும் அரைப்படமாடா எடுத்த நீ?"

நக்கல்தான். ஆனால் கேள்வி சரி. முழு என்றால் எதன் முழு?

ஃபுல் பிரேம் என்பது 36×24 மில்லிமீற்றர் அளவுள்ள சென்சர், அதாவது டிஜிட்டல் கமராவில் படச்சுருளுக்குப் பதிலாக ஒளியை வாங்கும் சில்லு. (ஆய்தத்தை விட்டு எழுதினால் மாடு மேய வந்துவிடும்.) இந்த அளவின் பூர்வீகம் சினிமாச் சுருள். அதன் அகலம் 35 மி.மீ., இரு ஓரத்துத் துளைகளும் போக நடுவில் படத்துக்கு 24 கிடைக்கும். சினிமாவில் சுருள் மேலிருந்து கீழாக ஓடும், ஒரு படம் 24×18. ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்து ஒஸ்கார் பர்னாக் அதே சுருளைக் கிடையாக ஓடவிட்டு, இரண்டு படத்துக்கான இடத்தை ஒன்றுக்கே கொடுத்தார். 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கமரா அப்படிப் பிறந்ததுதான். ஆக, சினிமாக்காரர் கணக்கில் நமது 'முழு' இரட்டை! 1959இல் ஒலிம்பஸ் பென் கமரா பழைய 24×18க்கே திரும்பியபோது அதை ஹாஃப் பிரேம் என்றார்கள். அரை என்று ஒன்று இருந்தால்தானே முழு என்று சொல்ல வாய் வரும்.

டிஜிட்டல் வந்தபோது அவ்வளவு பெரிய சென்சர் செய்யச் செலவு அதிகம். அதனால் லென்ஸ் மாற்றக்கூடிய கமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவே வாய்த்தது. என் பழைய கமராவும் அந்த வகைதான். 2005இல் கெனன் 5டி வந்த பிறகுதான் ஃபுல் பிரேம் ஆர்வலர்களின் கைக்கு ஓரளவு எட்டியது. இதைவிடப் பெரிய மீடியம் ஃபோர்மட் சென்சர்களும் உண்டு. ஆகவே 'முழு' என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வித்தியாசம் கூத்துக் களரியில் தெரிந்தது. அதே 50 மி.மீ. லென்ஸ், அதே இடத்தில்தான் நின்றேன். பழைய கமராவில் கூத்தை ஆட்டுவிக்கும் அண்ணாவியாரின் முகமும் தோளுமாக நின்ற படத்துக்குள், இப்போது மத்தளமும் அதில் விழும் கையும் வந்துவிட்டன. லென்ஸ் மாறவில்லை. பழைய சென்சர் ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்பதால் விடியப்புற மங்கல் வெளிச்சத்திலும் படத்தில் புள்ளி மொய்ப்பது குறைவு.

அந்த வெட்டுக்குத்தான் கிரொப் ஃபக்டர் என்று பெயர். பழைய கமராவுக்கு அது 1.5. 50ஐ 1.5ஆல் பெருக்கினால் 75. பழைய கமராவில் அந்த லென்ஸ் 75போல் பார்த்தது. இதைப் 'பயிர்க் காரணி' என்று மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்துச் சிரித்தேன். ஆனாலும் மட்டக்களப்பில் நெற்பயிரையே வேளாண்மை என்கிறோம், அறுவடையை வேளாண்மை வெட்டு என்கிறோம். கையிலேயே சொல் இருக்கிறது: வெட்டுக் காரணி.

கமரா என்பதற்கு ஒளிப்படக்கருவி இருக்கிறது, எழுத்தில் நன்றாகவே நிற்கும். ஆனால் கமராவும் அவ்வளவு அந்நியமில்லை. லத்தீனில் அதற்கு அறை என்று பொருள். மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையான லயன் காம்பராவில் இருக்கும் காம்பராவும் போர்த்துக்கீசர் வழியே வந்த அதே சொல்தான்.

சென்சருக்கு உணரி, பிரேமுக்குச் சட்டகம். ஆகவே முழுச்சட்டக உணரி. 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் நமது காரைதீவுக்காரர். இந்தப் பக்கத்தில் பிறந்துவிட்டுத் தமிழ்ச்சொல்லுக்குக் கூச்சப்படலாமா என்று, கடையில் துணிந்து கேட்டேன்: "முழுச்சட்டகம் இருக்கா, தம்பி?"

"இருக்கு அண்ணன்" என்று சுவரில் மாட்டியிருந்த படச்சட்டங்களைக் காட்டினான். "கண்ணாடி போட்டதா, போடாததா?"

'முழுச்சட்டகக் கமரா' என்று சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.