பல்பை யார் திருடப் போகிறார்கள்?

"என் வீட்டில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது?" வைஃபை கேமராவின் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னால் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். கதவுப் பூட்டுக்கு இந்தக் கணக்கு சரி. திருடன் வசதியான வீடாகப் பார்த்துத்தான் நுழைவான். ஆனால் இணையம் வழியாக வருபவன் வீடு பார்த்து வருவதில்லை.

2016-ல் பரவிய மிராய் என்ற தீநிரலைப் பாருங்கள். அது இணைய முகவரிகளைக் கண்டபடி தட்டிப் பார்த்தது. கருவிக்குள் தூரத்திலிருந்தே நுழைய உதவும் டெல்நெட் என்ற பழைய வாசல் திறந்திருந்தால், கையிலிருந்த பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அதில் இருந்தவை சுமார் 60 ஜோடிகள்தான்: 'அட்மின்' என்ற பெயருக்கு 'அட்மின்' என்றே பாஸ்வேர்டு, 'ரூட்' என்றால் '123456', இப்படி. எல்லாம் தொழிற்சாலையில் வைத்து அனுப்பியவை, யாரும் மாற்றாதவை. பிடிபட்ட கேமராக்களும் ரவுட்டர்களும் லட்சக்கணக்கில். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவை ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் கொட்டி, கூட்டமாக டின் என்ற நிறுவனத்தின் மீது பாய்ந்தன. இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது அதன் வேலை. அது திணறியதும் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்கும் திறக்கவில்லை.

அந்த நேரத்தில் கேமராவின் சொந்தக்காரர் என்ன பார்த்திருப்பார்? வழக்கம்போல வாசல் தெரிந்திருக்கும், பச்சை விளக்கு எரிந்திருக்கும். அவ்வளவுதான். திருடியவனுக்கு வேண்டியது படம் இல்லை, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கணினியும் இணைப்பும்தான். இன்னொரு வேடிக்கை: மிராய் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்கும். பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் போய்விடும். பாஸ்வேர்டு பழையதாகவே இருந்தால் சில நிமிடங்களில் திரும்பவும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

நம் பயமெல்லாம் கண்ணும் காதும் உள்ள கருவிகள் மேல்தான். கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவோம், போனிலிருந்து இயக்கும் வைஃபை பல்பைக் கண்டுகொள்ள மாட்டோம். ஆனால் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு அந்தப் பல்புக்கும் தெரியும். சில பல்புகளின் சிப்பில் அது மறைக்கப்படாமல் அப்படியே கிடந்ததை ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதாவது, ஃபியூஸ் போனதென்று குப்பையில் போட்ட பல்பிலும் அது இருக்கலாம்.

இதில் வாங்குபவரை மட்டும் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அட்டைப்பெட்டியைப் பார்த்தால் எத்தனை நிறம், எவ்வளவு வெளிச்சம் என்று தெரியும், பாதுகாப்பு தெரியாது. கண்ணுக்குத் தெரியாத தரத்துக்கு யாரும் கூடுதல் காசு கொடுப்பதில்லை, காசு வராத வேலையை விற்பவரும் செய்வதில்லை. பழைய கார் சந்தையை வைத்துப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-லேயே விளக்கிய சிக்கல்தான் இது.

அதனால்தான் அரசுகள் தயாரிப்பாளர் பக்கம் திரும்பின. சிங்கப்பூர் 2020-ல் நான்கு நிலைகள் கொண்ட பாதுகாப்பு லேபிளைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கக்கூடாது. பாதுகாப்பு அப்டேட் எதுவரை கிடைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். எத்தனை வருடம் தரவேண்டும் என்று மட்டும் அந்தச் சட்டம் சொல்லவில்லை.