விரலை எடுத்த பிறகு ஃபேடர் எங்கே போகும்?

ஃபேடர் என்பது ஒலிக்கலவை மேசையான கன்சோலில் ஒவ்வொரு குரல், வாத்தியத்தின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் நகர்த்தும் பிடி. இந்த நகர்த்தல்களைப் பதிந்து வைத்துத் தானாகவே திரும்பச் செய்ய வைப்பதுதான் ஆட்டோமேஷன். அப்படி ஆட்டோமேஷன் போட்ட ஒரு மிக்ஸை, அதாவது குரலும் வாத்தியங்களும் கலந்த பாட்டை, டிஜிட்டல் கன்சோலில் ஓடவிட்டால், யாரும் தொடாமலேயே ஃபேடர்கள் மேலும் கீழுமாக நகரும். முதல் தடவை பார்ப்பவருக்குக் கண்ணை எடுக்கவே மனசு வராது. ஒவ்வொரு ஃபேடருக்கு அடியிலும் ஒரு சின்ன மோட்டார், அது எந்த உயரத்தில் நிற்கிறது என்று சொல்ல ஒரு சென்சார், அவ்வளவுதான். நீங்கள் நகர்த்திய உயரத்தையும் பாட்டில் அது எந்த நொடி என்று காட்டும் டைம்கோடையும் சேர்த்துக் கன்சோல் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பாட்டு அதே நொடிக்கு வரும்போது மோட்டார் ஃபேடரை அதே உயரத்துக்கு இழுத்துப் போகும். 1970-களின் பிற்பாதியில் கன்சோல் தயாரிக்கும் நீவ் நிறுவனத்தின் நெகாம் என்ற கணினி வழி மிக்ஸிங் அமைப்பு இதைச் செய்து காட்டியது. அதற்கு முன்பெல்லாம் சிக்கலான மிக்ஸ் என்றால் இரண்டு மூன்று பேர் கன்சோல் முன்னால் நின்று ஆளுக்குச் சில ஃபேடர்களைப் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, இந்த ஆட்டோமேஷனை எழுதவும் வாசிக்கவும் கன்சோலில் இருக்கும் மோடுகளுக்கு வருவோம்: ரீட், டச், லாட்ச், ரைட், ட்ரிம். ரீட் என்றால் எழுதியதை அப்படியே வாசிக்கும், அதில் குழப்பமே இல்லை. குழப்பம் மற்றவற்றில்தான், அதுவும் விரலை எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்.

ஒரு வரியில் பாடகரின் ஒரே ஒரு சொல் தாளவாத்தியத்துக்குள் மூழ்கிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டச் மோடில் போட்டு, அந்தச் சொல் வரும்போது ஃபேடரை 3 டெசிபல் ஏற்றி விரலை எடுத்தால், அது ஏற்கெனவே எழுதியிருந்த அளவுக்குத் தானாக வழுக்கி இறங்கிவிடும். எவ்வளவு நேரத்தில் இறங்க வேண்டும் என்பதையும் நீங்களே வைக்கலாம். ரொம்பக் குறைவாக வைத்தால் சத்தம் சட்டென்று விழுவது காதில் படும். இதையே லாட்சில் செய்தால், விட்ட இடத்திலேயே ஃபேடர் நின்றுவிடும், பாட்டை நிறுத்தும் வரை அந்த அளவையே எழுதிக்கொண்டு போகும். சரணம் முழுக்கக் கிட்டார் கொஞ்சம் ஏறியே இருக்கணும் என்றால் லாட்ச்தான் வசதி.

இங்கே ஒரு விஷயம். விரல் தொட்டதை ஃபேடர் அறிவது ஃபோன் திரை போலத்தான், உடம்பின் மின்தேக்கத்தை வைத்து. பிளாஸ்டிக் பேனா முனையால் தள்ளிப் பாருங்கள், தொட்டதே கன்சோலுக்குத் தெரியாது, மோட்டார் எதிர்த்துத் தள்ளும்.

ரைட் மோடுக்கு மட்டும் பயப்படத்தான் வேண்டும். பாட்டு ஓடத் தொடங்கியதுமே, நீங்கள் தொட்டாலும் தொடாவிட்டாலும், பழையதை அழித்து ஃபேடர் இப்போது இருக்கும் இடத்தை எழுதும். அரை நாள் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை, கேட்டுப் பார்க்கலாம் என்று ஓடவிட்ட ஒரே ஓட்டத்தில் போய்விடும். அதனால்தான் சில கருவிகள் ஒரு ரைட் முடிந்ததும் தாமாகவே டச்சுக்கோ லாட்சுக்கோ மாறிக்கொள்கின்றன. முதல் ஓட்டத்தில் அடிப்படை அளவுகளை வைக்க மட்டும் ரைட், அப்புறம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கடைசியில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் குரல் மொத்தமாக 1 டெசிபல் குறைவு என்று தோன்றும். அப்போது மறுபடி எழுத வேண்டாம், ட்ரிம்மில் போட்டு 1 டெசிபல் ஏற்றி முழுப் பாட்டையும் ஓடவிடுங்கள். ஏற்ற இறக்கங்கள் அப்படியே இருக்க, மொத்தமும் மேலே நகரும். முடிந்ததும் எல்லாச் சேனலையும் ரீடுக்கு மாற்றிவிட்டு மிக்ஸைப் பதிவெடுக்கலாம்.