ஸ்பிரெட் அஃபென்ஸ்: விரிவது யார்?

அகராதியைத் திறந்து சொல்லுக்குச் சொல் எடுத்துவைத்தால் ‘ஸ்பிரெட் அஃபென்ஸ்’ தமிழில் ‘பரவிய குற்றம்’ ஆகிவிடும். 2008-இல் மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் ரசிகர்களிடம் இதைச் சொல்லியிருந்தால், பாதிப் பேராவது சரியான மொழிபெயர்ப்புதான் என்று தலையாட்டியிருப்பார்கள். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இது அமெரிக்கக் கால்பந்துச் சொல். அங்கே ‘அஃபென்ஸ்’ என்றால் குற்றம் அல்ல, தாக்குதல் ஆட்டம். நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல; முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். கல்லூரி அணி என்றதும் சாயங்காலம் நாற்பது பேர் நின்று வேடிக்கை பார்ப்பதாக நினைத்துவிட வேண்டாம். ஆன் ஆர்பர் நகரில் உள்ள மிச்சிகன் அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். அத்தனை பேரும் பயிற்சியாளருக்குப் பாடம் எடுக்கத் தயாராகத்தான் வருவார்கள்.

ஆட்டக் கணக்கு எளிது. பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடியும் நான்கு கிடைக்கும். (துணிக்கடைக் கெஜமேதான்.) பழைய முறையில் ஆஜானுபாகுவான ஆட்கள் நடுவில் நெருக்கமாக நின்று முட்டித் தள்ளுவார்கள், பந்துக்காரர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் புகுந்து ஓடுவார். ‘மூன்று கெஜம், ஒரு புழுதி மேகம்’ என்று அந்த வட்டாரத்தில் இதற்கு ஒரு பெயரே உண்டு. கேலியாகவும் சொல்வார்கள், பெருமையாகவும் சொல்வார்கள்.

ஸ்பிரெட் முறை இந்த நெரிசலைக் கலைக்கிறது. மைதானத்தின் அகலம் ஏறத்தாழ 49 மீட்டர். மூன்று, நான்கு, சில சமயம் ஐந்து பந்து பிடிப்பவர்கள் ஓரக்கோடு வரைக்கும் தள்ளித் தள்ளிப் போய் நிற்பார்கள். ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் சில கெஜம் பின்னால் தள்ளி நிற்பார். ஓரத்தில் நிற்பவர்களை எதிரணி சும்மா விட முடியாது, ஆளுக்கு ஆள் போயாக வேண்டும். அப்படிப் போனதும் நடுவில் கூட்டம் மெலிகிறது. அப்புறம் நடுவில் ஓடலாம். எதிரணி நடுவுக்குத் திரும்பினால் ஓரத்தில் எறியலாம். கபடியில் பாடி வருபவர் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாகப் போய், கைகோத்து நிற்கும் சங்கிலியை இழுத்துப் பார்ப்பாரே, கிட்டத்தட்ட அந்த வேலை.

ஆகவே சொல்லைக் கேட்டதும் தோன்றுகிற பொருள் பாதிதான். தன் ஆட்களைப் பரப்பி நிறுத்துவது கண்ணுக்குத் தெரியும் பகுதி. எதிரணியைப் பரவச் செய்வதுதான் நோக்கம்.

ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் தெரியாமல் போவதற்குக் காரணம் ‘ஸ்பிரெட்’ என்ற சொல்லின் இயல்பு. பழைய ஜெர்மானிய வேர். ஜெர்மன் மொழியின் ‘ஸ்பிரைட்டன்’ அதற்குப் பங்காளி. தானாகப் பரவினாலும் ஸ்பிரெட், இன்னொன்றைப் பரப்பினாலும் ஸ்பிரெட். இறந்த காலத்துக்கும் வடிவம் மாறாது. தமிழ் அப்படி விடாது. பரவியதா, பரப்பினார்களா? விரிந்ததா, விரித்தார்களா? வினைமுற்றை எழுதும்போதே முடிவெடுத்தாக வேண்டும். ‘அஃபென்ஸ்’ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. எதிர்த்து மோதுதல் என்பது அடிப்படைப் பொருள். மோதுவதை விலக்குவது ‘டிஃபென்ஸ்’. இரண்டுக்கும் ஒரே வேர். குற்றம் என்ற பொருளும் மோதுவதிலிருந்து கிளைத்ததுதான். அமெரிக்கர்கள் விளையாட்டில் சொல்லும்போது முதல் அசையை அழுத்துவார்கள், குற்றத்தைச் சொல்லும்போது இரண்டாவது அசையை.

இந்த ஆட்டமுறை பிறந்த இடத்தைப் பார்த்தால் மிச்சிகன் ரசிகர்களின் கோபம் புரியும். டெக்சஸ் மாநிலத்தின் போர்ட் வொர்த் நகரில் மேசானிக் ஹோம் என்ற அனாதை இல்லப் பள்ளி இருந்தது. பையன்கள் எண்ணிக்கையிலும் குறைவு, எடையிலும் குறைவு. அவர்களின் பயிற்சியாளர் ரஸ்டி ரசல், முட்டி மோதினால் தோல்விதான் என்று தெரிந்து, 1930-களில் ஆட்களை அகல நிறுத்தி ஆடவைத்தார். 1932-இல் அந்தப் பொடியர்கள் மாநில இறுதியாட்டம் வரை போய், அதை 0-0 என்று சமன் செய்தார்கள். அதே நகரின் டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த டச் மேயர், 1952-இல் பரவி நிற்கும் அணிவகுப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதாவது இது ஆள்பலம் இல்லாதவர்கள் கண்டுபிடித்த உபாயம்.

இன்னொரு கிளை மேற்கு வர்ஜீனியாவில் முளைத்தது. 1990-களின் தொடக்கத்தில் கிளென்வில் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் ரிச் ராட்ரிகஸ் பயிற்சியாளர். பந்தை ஓட்டக்காரரிடம் கொடுக்க வேண்டிய குவார்ட்டர்பேக் ஒரு தடவை தடுமாறி, கொடுக்க முடியாமல் போயிற்று. எதிரணியின் ஓர ஆள் ஓட்டக்காரரைத் துரத்திக்கொண்டு உள்ளே பாய, அவர் விட்டுப்போன இடத்தில் குவார்ட்டர்பேக் பந்தோடு ஓடிவிட்டார். தடுமாற்றம் என்று ராட்ரிகஸ் அதைத் தள்ளிவிடவில்லை, திட்டமாக்கினார். ஓர ஆளைத் தடுக்காமல் வேண்டுமென்றே விட்டுவிடுவது, அவர் எந்தப் பக்கம் போகிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் போவது. ‘ஸோன் ரீட்’ என்கிறார்கள். இந்த ‘ரீட்’ படிப்பது அல்ல, நாடி பார்ப்பது.

சரி, மிச்சிகனுக்கு வருவோம். பெரிய அணி, பழைய அணி, முட்டித் தள்ளும் பாரம்பரியம். ஸ்பிரெட் என்றால் என்னவென்று தெரியாத ரசிகர்களும் அல்ல, அடிவாங்கித் தெரிந்துகொண்டவர்கள். 2000-இல் நார்த்வெஸ்டர்ன் அணி இதே பாணியில் ஆடி 54-51 என்று மிச்சிகனை வென்றது. 2007 செப்டம்பர் 1 அன்று கீழ்ப்பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட் ஆன் ஆர்பருக்கே வந்து 34-32 என்று கவிழ்த்தது. அடுத்த வாரம் ஓரிகன் 39-7. இரண்டுமே ஸ்பிரெட் ஆடிய அணிகள். அந்த டிசம்பரில் மிச்சிகன் ராட்ரிகஸையே பயிற்சியாளராக அழைத்துவந்தது.

ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். நம்மை அடித்த தடியை நாமே கையில் எடுத்தால் என்ன என்றது ஒரு கட்சி. இது எளியவர்களின் கண்கட்டு வித்தை, நமக்கு எதற்கு, நவம்பர் குளிரில் இதெல்லாம் செல்லாது என்றது இன்னொன்று. உயரமான எறியாளர் ரயன் மேலட் ஆர்கன்சாவுக்குப் போய்விட்டார். புதிய முறைக்கு ஏற்ற கால் வேகம் மிஞ்சியிருந்தவர்களிடம் இல்லை. 2008 அக்டோபர் 11 அன்று டொலிடோவிடம் 13-10 தோல்வி. பருவ முடிவில் 3 வெற்றி, 9 தோல்வி. 1967-க்குப் பிறகு வெற்றியை விடத் தோல்வி கூடிய முதல் பருவம். தொடர்ந்து 33 ஆண்டுகளாகப் பருவ முடிவில் ஆடிவந்த கௌரவ ஆட்டமும் அந்த ஆண்டு இல்லை. கடை விரித்தும் கொள்வாரில்லை.

என் கணிப்பில், ரசிகர்களைக் கொதிக்கவைத்தது அந்தச் சொல்லின் இரட்டைப் பொருளேதான். எதிரணியை விரிப்பதாகச் சொல்லிவிட்டு, விரிந்து சிதறியது நம் அணி அல்லவா? 2010-இல் டெனார்ட் ராபின்சன் குவார்ட்டர்பேக்காக 1,702 கெஜம் ஓடியபோது எதிரணிகள் நிஜமாகவே விரிந்தன. ஆனால் அதற்குள் தற்காப்பு ஓட்டையாகிவிட்டது. அந்த நவம்பரில் இல்லினாயை வெல்ல 67-65 என்ற கூடைப்பந்துக் கணக்கு தேவைப்பட்டது. 2011 ஜனவரியில் ராட்ரிகஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இனி தமிழ்ச் சொல். ‘பரவல் தாக்குதல்’ வேண்டாம். பரவல் என்றதும் காய்ச்சலும் காட்டுத்தீயும் நினைவுக்கு வருகின்றன. ‘விரிவாக்கத் தாக்குதல்’ சாலைப் பணி போல ஒலிக்கிறது. ‘வியூகம்’ என்பது பத்திரிகைகளில் தேர்தலுக்கும் கிரிக்கெட்டுக்கும் உழைத்துக் களைத்துவிட்டது. பழம்பாடல் மரபில் மதிலை வளைப்பது உழிஞை, காப்பது நொச்சி என்று தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் அழகான இணை இருக்கிறது. ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்று எழுதினால் அடிக்குறிப்பு தேவைப்படும்.

நான் வைப்பது ‘விரியணி’. ஸ்பிரெட்ஷீட்டுக்கு ‘விரிதாள்’ என்று எழுதி ஏற்கெனவே பழகிவிட்டோம், அதே வழிதான். அணி என்பது இன்று விளையாட்டுக் குழு. முன்பு படையின் வகுப்பு. இங்கே இரண்டும் வேண்டும். வினைத்தொகை என்பதால் இன்னொரு வசதியும் உண்டு. ‘ஊறுகாய்’ என்பதில் காய் தானாக ஊறுகிறது. ‘கொல்களிறு’ என்பதில் களிறு இன்னொன்றைக் கொல்கிறது. அதுபோல விரிகிற அணி, எதிரியை விரிக்கிற அணி என இரண்டுக்கும் விரியணியில் இடமிருக்கிறது. முழுச் சொல்லுக்கு ‘விரியணித் தாக்குதல்’; பேச்சு வழக்கில் ‘விரியணி ஆட்டம்’ போதும். சூதாட்டக்காரர்கள் சொல்லும் ‘பாயின்ட் ஸ்பிரெட்’ வேறு. அது ஜெயிக்கும் வித்தியாசத்தைப் பற்றிய பந்தயக் கணக்கு, அங்கே விரியணியை இழுக்க வேண்டாம்.

குவார்ட்டர்பேக்குக்குத்தான் வழி தெரியவில்லை. முழுபேக், அரைபேக், கால்பேக் என்று வரிசைக்குப் பின்னால் நிற்கும் தூரத்தை வைத்து வந்த பெயர்கள் அவை. கால் பங்கு என்று மொழிபெயர்த்தால் கால்பந்தில் அதைப் பாதம் என்றுதான் படிப்பார்கள். அதுவும் பந்தைக் கையால் எறிகிறவருக்கு.