ஸ்கேஃபோல்டிங்: ஊன்றுகோலா, சாரமா?

ஆங்கில ஆசிரியர்களுக்கான எந்தப் பயிலரங்குக்குப் போனாலும் 'ஸ்கேஃபோல்டிங்' என்ற சொல் காதில் விழாமல் வீடு திரும்ப முடியாது. மாணவர் தனியே செய்ய முடியாததைச் செய்ய ஆசிரியர் தற்காலிகமாகத் துணை கொடுத்து, பிறகு அதைச் சிறிது சிறிதாக எடுத்துவிடுவதற்கு அந்தப் பெயர். சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பயிற்சிக்குப் போக வாய்ப்பு உண்டு. அதில் பாதி இந்த ஒரு சொல்லிலேயே கழிகிறதோ என்று சில சமயம் தோன்றும். அது ஆங்கிலத்தில் இருக்கும்வரை எனக்குப் புகார் இல்லை. தமிழ்த் தொண்டூழியர்களுக்கான கையேட்டிலும், அதன்பின் வாட்ஸ்அப் குழுக்களிலும், போன மாதம் ஓர் உரையிலும் அதை 'ஊன்றுகோல் முறை' என்று சொன்னார்கள். "மாணவர்களுக்கு ஊன்றுகோல் கொடுங்கள்", "இந்தப் பாடத்தில் ஊன்றுகோல் போதவில்லை" என்றெல்லாம் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. எழுதியே தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மூலத்தை விரைவாகப் பார்த்துவிடலாம். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. மேடை என்பது அடிப்படைப் பொருள். கட்டட வேலைக்காரர் ஏறி நிற்கும் மேடையும் அதுதான், குற்றவாளியின் தலையை வெட்டும் மேடையும் அதுதான். அதனால்தான் சில அகராதிகளில் 'தூக்குமேடை' என்றும் பொருள் போட்டிருக்கும். இயந்திர மொழிபெயர்ப்பை நம்பிப் பாடக்குறிப்பு எழுதுகிறவர்கள் கவனமாக இருங்கள். பிள்ளையைத் தூக்குமேடையில் ஏற்றிவிடப் போகிறீர்கள்.

கல்விக்குள் இந்தச் சொல் நிலைபெற்றது 1976-இல். டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கேல் ராஸ் மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 3, 4, 5 வயதுப் பிள்ளைகளிடம் 21 மரக்கட்டைகளைக் கொடுத்து ஒரு பிரமிடு கட்டச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர் முடிந்தவரை கையை வைக்காமல், பிள்ளை திணறும் இடத்தில் மட்டும் உதவினார். பிள்ளையின் கவனத்தை வேலைக்கு இழுப்பது, வேலையைச் சிறிதாக்கிக் கொடுப்பது, திசைமாறாமல் பார்த்துக்கொள்வது, எது முக்கியம் என்று சுட்டுவது, எரிச்சலைத் தணிப்பது, செய்துகாட்டுவது என்று அந்த உதவியை ஆறாகப் பிரித்தார்கள். பயிலரங்குகளில் இதை ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னார் என்பார்கள். அவர் 1934-லேயே இறந்துவிட்டார். இன்று துணையோடு செய்வதை நாளை பிள்ளை தனியே செய்யும் என்ற அவருடைய கருத்தோடு இந்தச் சொல்லைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்துக் கட்டினார்கள். மூலக்கதை இவ்வளவுதான்.

இனி ஊன்றுகோலுக்கு வருகிறேன். இதை ஆதரிப்பவர்கள் சும்மா ஆதரிப்பதில்லை, குறளோடு வருகிறார்கள். என் நண்பர் ஒருவர், நல்ல தமிழ் படித்தவர், முதல் வாதத்திலேயே 'இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே ஒழுக்க முடையார்வாய்ச் சொல்' என்று 415-ஐ எடுத்துப் போட்டார். வழுக்கு நிலத்தில் நடப்பவனுக்குக் கோல் எப்படியோ அப்படித்தான் ஒழுக்கமுடையவர் வாய்ச்சொல். இந்தக் குறள் கேள்வி அதிகாரத்தில் வருகிறது, அதாவது கற்றறிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைப் பற்றியது. ஆசிரியரின் துணைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா என்று கேட்டார். கேட்டவுடனே யாருக்கும் வாயடைத்துப் போகும். தமிழில் குறளை எதிர்த்து வாதாடுவது சுலபமில்லை.

ஆனால் நான் குறளை எதிர்க்கவில்லை. அது சொல்லாததை அதன் தலையில் ஏற்றுவதைத்தான் எதிர்க்கிறேன். அந்தக் குறளில் வருபவனுக்கு நடக்கத் தெரியும். நிலம் வழுக்குகிறது, அவ்வளவுதான். விழாமல் இருக்கக் கோல் ஊன்றுகிறான். கோல் அவனைக் காக்கிறது, ஆனால் அவனிடம் புதிதாக எதையும் எழுப்புவதில்லை. ஆங்கில வகுப்பில் நாம் செய்வது அதுவா? இறந்தகாலத்தில் ஒரு வாக்கியமும் எழுதத் தெரியாதவரிடம், இல்லாத ஒன்றைக் கல் கல்லாக எழுப்பப் பார்க்கிறோம். அங்கே வேண்டியது எழுப்புவதற்கான துணை. அறிவுரைக்குக் கோல் சரியான உவமை. பாடம் அமைக்கும் வேலைக்கு அது பொருந்தாது.

இரண்டாவது சங்கடம் இன்னும் பெரியது. ஊன்றுகோலை எடுப்பதற்குத் தமிழில் என்ன வினை இருக்கிறது? பிடுங்குவது, பறிப்பது, தட்டிவிடுவது. எல்லாமே கொடுமை. ஒருவரின் ஊன்றுகோலை எடுத்துவிடுங்கள் என்று எந்த ஆசிரியரிடம் சொன்னாலும் மனசு வராது. எனவே எடுப்பதில்லை. இதன் விளைவை உயர்நிலைப் பள்ளி ஆங்கிலக் கட்டுரைகளில் கண்கூடாகப் பார்க்கலாம். 'பீல்' என்று ஒரு சட்டகம் இருக்கிறது: கருத்து, சான்று, விளக்கம், இணைப்பு. உயர்நிலை ஒன்றில் பத்தி எழுதத் தெரியாத பிள்ளைக்கு அது மிக நல்ல துணை. அதே பிள்ளை உயர்நிலை நான்கிலும் ஒவ்வொரு பத்தியையும் அதே நான்கு கட்டத்தில் நிரப்பி, கடைசி வரியில் 'தேர்ஃபோர், இட் இஸ் க்ளியர் தட்' என்று முடித்துக்கொண்டிருக்கும். என்ன க்ளியர் என்று கேட்டால் பதில் வராது. முதல் வரியையே சற்று மாற்றித்தான் திரும்ப எழுதியிருக்கும். சட்டகத்தின் மேல் குற்றமில்லை. பிரிக்கவேண்டிய நாளில் யாரும் பிரிக்கவில்லை.

மூன்றாவது, ஊன்றுகோல் என்றாலே காலில் கோளாறு என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டு வருகிறது. வகுப்பில் பின்தங்கியவர்களுக்குத்தான் இது என்று ஆசிரியரும் நினைக்கிறார், பிள்ளையும் நினைக்கிறது. உதவித்தாளை வாங்கக் கூச்சப்பட்டு மடித்து மேசைக்கு அடியில் வைக்கும் பிள்ளைகளைப் பார்க்காத ஆசிரியர் உண்டா? உண்மையில் துணையின் அளவை முடிவு செய்வது வேலையின் உயரம், ஆளின் குறை அன்று. வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையையே முதல்முறை விவாத உரை எழுதச் சொல்லிப் பாருங்கள், அதற்கும் துணை வேண்டியிருக்கும். உயரமான கட்டடத்துக்குத்தான் உயரமான சாரம் தேவை.

ஆமாம், சாரம். சொல் நம் கண்முன்னாலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சவுக்குக் கம்பும் மூங்கிலும் வைத்துக் கட்டுவதை சாரம் என்றுதான் சொல்வார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குக் கல் ஏற்றச் சாரம் தொடங்கிய இடம் என்று சாரப்பள்ளம் ஊர்ப்பெயருக்குக் காரணம் சொல்கிறார்கள். இங்கே சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்ததே, அதற்கு முன் திருப்பணி நடந்த காலத்தில் கோபுரத்தைச் சுற்றி நின்றதும் சாரம்தான். 'சார்' என்ற வினையோடு சேர்த்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும். சுவரைச் சார்ந்து நிற்பதுதானே அது.

முக்கியமான விஷயம், இந்தச் சொல் தன் வினைகளையும் கூடவே கொண்டுவருகிறது. சாரம் கட்டுவது, சாரம் பிரிப்பது. பிரிப்பதில் கொடுமை எதுவும் இல்லை, வேலை முடிந்த சந்தோஷம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அங்கே வரும் அறந்தாங்கித் தம்பி ஒருவருக்குச் சாரம் கட்டுவதே வேலை. நான் இதைப் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் சொன்னார்: "அண்ணே, கட்டுறதவிட பிரிக்கிறதுதான் கஷ்டம். மேல இருந்து கீழ வரணும். சுவத்துல புடிச்சிருக்கிற டையை அவசரப்பட்டு முதல்லயே கழட்டினா மொத்தமா சாஞ்சிரும்." எந்தப் பயிலரங்கிலும் பிரிக்கும் வரிசையை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அவர் வகுப்பிலேயே அதைச் செய்தும் பார்த்தோம். 'யெஸ்டர்டே ஐ டேஷ் டு முஸ்தஃபா' என்பது போன்ற வாக்கியங்கள் (முஸ்தஃபா இங்குள்ள பெரிய கடை). முதலில் கோடிட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சொற்பெட்டி: வென்ட், பாட், பெய்ட். அடுத்த வகுப்பில் பெட்டியில் கோ, பை, பே மட்டும். இறந்தகால வடிவத்தை அவர்களே போடவேண்டும். அப்புறம் பெட்டியும் இல்லை, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் எடுத்த படங்கள் மட்டும். கடைசியில் படமும் இல்லை, வாரக் கடைசியில் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி மட்டும். கடைசிவரை எடுக்காமல் வைத்திருந்தது 'யெஸ்டர்டே' என்ற தொடக்கச் சொல்லை. அதுதான் டை. அதை முன்னாலேயே எடுத்திருந்தால் எல்லோரும் 'ஐ கோ', 'ஐ பை' என்று நிகழ்காலத்துக்கே சரிந்திருப்பார்கள். ஆங்கிலம் சொல்லித்தருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை இது ஒன்றுதான்: பாடக்குறிப்பில் துணை எது என்று எழுதும்போதே, அது எந்த வகுப்பில் போகும் என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அது போகாது.

இங்கே கட்டுமானத் தளங்களில் சாரத்தை 7 நாளுக்கு ஒருமுறையாவது மேற்பார்வையாளர் சோதித்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. வகுப்பறையில் அப்படி ஒரு விதி இருந்தால் எத்தனை உதவித்தாள்கள் தேறும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சாரம் என்ற சொல்லுக்கும் தடை சொல்வார்கள், எனக்குத் தெரியும். 'பாடத்தின் சாரம்' என்றால் பிழிவு என்று ஆகிவிடுமே என்பது முதல் தடை. அந்தச் சாரம் வடமொழியிலிருந்து வந்தது, இதற்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் குழப்பம் வரும் என்பது உண்மை. இன்னொரு சாரமும் இருக்கிறது. திருநெல்வேலிக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் இடுப்பில் கட்டும் கைலி அது, மலாய் சாரோங்கிலிருந்து வந்தது. 'மாணவருக்குச் சாரம் கட்டுங்கள்' என்று எழுதினால் கன்னியாகுமரிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் சிரிக்கத்தான் செய்வார். அதனால் பெயராக வரும்போது 'சாரக்கட்டு' என்று எழுதலாம் என்கிறேன். வினையாக வரும்போது 'பாடத்துக்குச் சாரங்கட்டுதல்'. மாணவனுக்குக் கட்டவேண்டாம், பாடத்துக்குக் கட்டுங்கள். சிரிப்பும் போகும், பொருளும் சரியாகும்.

'தாங்கு கட்டமைப்பு' என்றும் ஒன்றைப் பார்த்தேன். 'கட்டமைப்பு' என்பது நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு வாய்த்த தீராத வியாதி. பாலமும் கட்டமைப்பு, சட்டமும் கட்டமைப்பு, சம்பள முறையும் கட்டமைப்பு. இன்னொரு கூட்டம் எல்லாவற்றையும் 'ஆதரவு' ஆக்கிவிடும். 'கற்றல் ஆதரவு', 'படிப்படியான ஆதரவு', 'மொழி ஆதரவு'. ஆதரவு யாருக்கு, எதுவரை, எப்போது நிற்கும் என்று அந்தச் சொல்லிடம் கேட்டால் அது சிரித்துக்கொண்டே நழுவிவிடும். ஆங்கில வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றுகிறவர்கள், அந்த வேலையைத் தமிழில் அன்றாடம் செய்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். அகராதியைத் திறப்பார்கள், குறளைத் திறப்பார்கள், விடுதியில் இருக்கும் சாரம் கட்டுகிறவரிடம் மட்டும் கேட்கமாட்டார்கள்.

ஒரு சந்தோஷமான செய்தியும் உண்டு. ஆசிரியர் பொறுப்பைச் சிறிது சிறிதாக மாணவரிடம் விடுவது என்ற கருத்தை 1983-இல் பியர்சன், கேலகர் என்ற கல்வி ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆங்கில ஆசிரியர்கள் அதை 'ஐ டூ, வி டூ, யூ டூ' என்று மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். தமிழில் 'நான் செய்கிறேன், நாம் செய்வோம், நீ செய்' என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் இருக்கும் 'நாம்' ஆங்கில 'வி'யை விட ஒரு படி மேல். மாணவனும் உள்ளே இருக்கிறான் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. 'நாங்கள்' என்று யாராவது மொழிபெயர்த்திருந்தால் தயவுசெய்து திருத்துங்கள், அதில் அவன் வெளியே நிற்கிறான்.

சரி, ஊன்றுகோலை அடியோடு தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம், அதற்கும் உரிய இடம் இருக்கிறது. வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்குத் தேசியத் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும், பார்வை குறைந்தவருக்குப் பெரிய எழுத்தில் வினாத்தாள் கிடைக்கும். அவற்றைப் படிப்படியாகப் பிரிப்பது நோக்கமே இல்லை. தேவை இருக்கும்வரை உடன் இருக்கவேண்டும், பறிப்பதுதான் தவறு. வழுக்கு நிலத்துக் கோல் அங்கே சரியாகப் பொருந்துகிறது. நண்பரிடம் இதைச் சொன்னேன். ஒப்புக்கொண்டார், ஆனால் கையேட்டின் அடுத்த பதிப்பில் 'ஊன்றுகோல் (சாரக்கட்டு)' என்று இரண்டையும் போடுவதாகச் சொல்கிறார். அடைப்புக்குறியை எடுக்கச் சொல்லி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.